கெட்டது இன்வெர்ட்டர் இல்லீங்க

வண்டியில் மாட்டிய இன்வெர்ட்டர் கத்துகிறது, நின்று போகிறது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நம்ம பக்கம் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். "பெட்டி போயிருச்சுங்க, வேற மாத்திரலாமுங்க." மீட்டர் வைப்பதில்லை. ஒயரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பேட்டரி எங்கே இருக்கிறது, பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கிடையாது. மாடு படுத்துக்கிச்சுன்னு போன் போட்டால் "வித்துட்டு வேற புடிங்க" என்று சொல்லுகிற மாட்டு வைத்தியரை மறுபடி கட்டுத்தரைக்குக் கூப்பிடுவோமா? இன்வெர்ட்டர் விஷயத்தில் மட்டும் கூப்பிடுகிறோம். காசும் எண்ணிக் கொடுக்கிறோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரைக்கும் வண்டி இன்வெர்ட்டர் கோளாறில் பெரும்பங்கு இன்வெர்ட்டருக்குள் இல்லை. பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. அதாவது, மாட்டிக் கொடுத்தவருடைய கை வேலையில் இருக்கிறது. அதை மறைக்கத்தான் பெட்டி மேல் பழி.

பட்டணத்தில் இருந்து படிக்கிறவர்கள், பண்ணயம் பார்க்கிறவனுக்கு வண்டியில் எதுக்கு இன்வெர்ட்டர் என்று கேட்பீர்கள். உங்களுக்கு அது காரில் லேப்டாப் சார்ஜ் போடுகிற சாமான். இங்கே அது பொழப்பு. 2005-ல் டாட்டா ஏஸ் வந்ததில் இருந்து, குட்டி யானை இல்லாத ஊர் கொங்கு நாட்டில் இல்லை. தோட்டத்தில் பறித்த தக்காளியும் கத்தரியும் மண்டிக்குப் போனால் ஒரு விலை, அதே காயை வாரச்சந்தையில் வண்டியை நிறுத்தி நாமே விற்றால் வேறு விலை. சந்தை சூடு பிடிப்பது பொழுது இறங்கின பிறகுதான். மில்லில் ஷிப்ட் முடித்தவர்களும் பனியன் கம்பெனியில் இருந்து வருகிறவர்களும் ஏழு மணிக்கு மேல்தான் பையோடு வருவார்கள். அந்த நேரத்துக்கு லைட் வேண்டும், எலக்ட்ரானிக் தராசு வேண்டும், விலை கூவுகிற ஸ்பீக்கர் வேண்டும். பக்கத்தில் நிற்கிற டிபன் வண்டிக்கு மிக்சி வேண்டும். இது எல்லாத்துக்கும் வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட் மாதிரி 230 வோல்ட் ஆக்கிக் கொடுப்பது அந்தப் பெட்டி. அது நின்றால் வண்டி இருட்டு. இருட்டில் நிற்கிற வண்டியில் தக்காளியைத் தடவிப் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்த நாள் காலையில் அது மாட்டுக்குத்தான்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு நடந்ததைச் சொன்னால் என் கோபம் புரியும்.

அவர் வண்டியில் 600 வாட் பெட்டி, பின்னால் பாடியின் மூலையில் மாட்டியிருந்தது. நாலு எல்இடி லைட், தராசு, சின்ன ஆம்ப்ளிஃபயர். எல்லாம் கூட்டினாலும் 200 வாட்தான். அவர் சொன்ன நோவு இதுதான்: "எஞ்சின் ஓடுனா எரியுது தம்பி. நிறுத்துனா சித்த நேரத்துல கீ கீன்னு கத்துது, அப்புறம் பொசுக்குனு நின்னுக்குது." அதனால் சந்தையில் மூன்று மணி நேரமும் எஞ்சினை உறும விட்டபடியே வியாபாரம். டீசல் ஒரு பக்கம், புகையில் நின்று காய் வாங்குகிறவர்களின் முணுமுணுப்பு ஒரு பக்கம்.

கடைக்காரர் முதல் தீர்ப்பு, பேட்டரி. எஞ்சின் நின்றால் சாகிறது என்றால் பேட்டரிதானே என்று யாருக்கும் தோன்றும். புது பேட்டரி போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி கால் மணி நேரம் கூடுதலாக ஓடியது. "பாத்தீங்களாண்ணா, சொன்னன்ல!" அடுத்த வாரம் பழைய கதைதான். இரண்டாவது தீர்ப்பு, பெட்டி. "600 பத்தாதுங்கண்ணா, 1000 போட்டுக்குங்க." போட்டார்கள். அதுவும் அதே சுருதியில் கத்தியது. மூன்றாவதாக டைனமோவைக் கழற்றலாம் என்று பேச்சு வந்தபோதுதான் அண்ணன் வண்டியை என் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் பத்தாயிரத்துக்கு மேல் போயிருந்தது.

மல்டிமீட்டர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சில நூறு ரூபாய் சாமான். எஞ்சினை நிறுத்தி, லைட்டு தராசு எல்லாம் போட்டுவிட்டு, முதலில் பேட்டரியின் இரண்டு குமிழ் மேல் வைத்தோம். 12.4 வோல்ட். நல்ல பேட்டரி. அப்படியே பின்னால் போய் இன்வெர்ட்டரின் முனைகளில் வைத்தோம். 10.2 வோல்ட். நடுவில் 2.2 வோல்ட் காணோம்.

எங்கே போச்சு? மீட்டரின் ஒரு குச்சியைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பெட்டியின் பிளஸ்ஸிலும் வைத்தால், சிவப்பு ஒயர் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு வோல்ட். நாலு மீட்டர் நீளத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். நம் வீட்டில் டியூப் லைட்டுக்கு இழுக்கிற அதே ஒயர். அடுத்து மைனஸ் பக்கம். கறுப்பு ஒயர் பேட்டரிக்கே போகவில்லை. பாடியில் இருந்த ஒரு போல்ட்டில், பெயிண்டைக்கூடச் சுரண்டாமல் சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள். அங்கே 1.2 வோல்ட். போல்ட்டில் கை வைத்தால் சுட்டது. வைக்காமல் இருக்குமா? 22 ஆம்பியர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. 1.2-ஐ 22-ஆல் பெருக்குங்கள். ஒரு சோல்டரிங் அயர்ன் வைக்கிற சூடு, ஒரு போல்ட்டில்.

இந்த மாதிரிப் பெட்டிகள் 10.5 வோல்ட்டை ஒட்டி வந்தால் கத்தும், 10-ஐ ஒட்டி இறங்கினால் தானாகவே நின்றுவிடும். பேட்டரியை அடியோடு உறிஞ்சிவிடக் கூடாது என்று வைத்த காவல் அது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும். அதில் 2 போனாலும் பெட்டிக்கு 12 கிடைக்கும், எரியும். எஞ்சினை நிறுத்தினால் 12.4-இல் இருந்து 2 போகும், கத்தும். புது பேட்டரி முதல் நாள் முழு சார்ஜில் இருந்ததால் கொஞ்ச நேரம் கூடத் தாங்கியது. அவ்வளவுதான் மர்மம். பேட்டரியும் நல்லது, பெட்டியும் நல்லது, டைனமோவும் நல்லது. திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை அடித்துப் போட்டுவிட்டு வேற நாய் வாங்கின கதை.

இரண்டு பக்கமும் 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், பேட்டரி குமிழில் இருந்து நேராகப் பெட்டிக்கு, முனையில் லக் வைத்து அழுத்தி இழுத்தோம். அதே லோடில் இப்போது காணாமல் போவது 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. செலவு இரண்டாயிரத்துக்குள். வேலை ஒரு மத்தியானம்.

இனி மேல் அட்டைப் பெட்டிக்கு வருவோம். என் சண்டை மாட்டுகிறவரோடு மட்டும் இல்லை, விற்கிறவரோடும்தான். டப்பா மேல் பெரிய எழுத்தில் வாட் போட்டிருப்பார்கள். 500, 1000, 2000. பக்கத்திலேயே பொடி எழுத்தில் "பீக்" என்று இருக்கும். அதாவது கண் சிமிட்டுகிற நேரத்துக்குத் தருகிற சக்தி. தொடர்ந்து தருவது எவ்வளவு என்று தெரிய பூதக்கண்ணாடி வேண்டும். அது கிடக்கட்டும், வாட் என்பதே இங்கே ஏமாற்றுகிற கணக்கு. 12 வோல்ட் உலகத்தில் கேட்க வேண்டியது ஆம்பியர். 1000 வாட்டை 12-ஆல் வகுங்கள், 83 ஆம்பியர். பெட்டி தின்கிற நஷ்டத்தையும் சேர்த்தால் 95-ஐத் தொடும். கிரில் கேட் பட்டறையில் மெல்லிய ராடு வைத்து வெல்டிங் பண்ணுகிறார்களே, கிட்டத்தட்ட அந்தக் கரண்ட். வெல்டிங் செட்டின் கேபிள் எவ்வளவு தடிமன் என்று பார்த்திருப்பீர்கள். 1000 வாட் என்று அச்சடித்த டப்பாவைத் திறந்தால் உள்ளே இருப்பது பென்சில் தடிமன்கூட இல்லாத ஒயரும், நுனியில் இரண்டு முதலை கிளிப்பும். அஞ்சு எச்பி மோட்டாரை இறக்கிவிட்டு அரை இஞ்சு குழாயில் தண்ணீர் பாய்ச்சச் சொல்லுகிற வியாபாரத்தை எங்க ஊரில் யாராவது பண்ணினால் திண்ணையில் உட்கார விட மாட்டோம்.

இதைவிட மோசம் சிகரெட் லைட்டர் பிளக். கார் வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். அந்த ஓட்டைக்குப் பின்னால் இருக்கிற பியூஸ் பெரும்பாலும் 10-இல் இருந்து 20 ஆம்பியருக்குள். 15 என்றே வைத்தாலும் 180 வாட். லேப்டாப் சார்ஜருக்குப் போதும். அதில் மிக்சி போடுகிறேன், கெட்டில் போடுகிறேன் என்றால் பியூஸ் போகும். போகத்தான் வேண்டும், அதுக்குத்தான் வைத்திருக்கிறது. அந்த இடத்தில் பெரிய பியூஸைச் சொருகிக் கொடுக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். சிகரெட் டப்பா ஜிகினாத் தாளைச் சுற்றி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுக்கப்புறம் ஒயரே பியூஸ் ஆகிவிடும்.

மோட்டார் வைத்த சாமான் வேற ரகம். அரை எச்பி கிரைண்டர் மோட்டார் ஓடும்போது 373 வாட் வேலைதான் செய்யும். ஆனால் நிற்கிற மோட்டார் கிளம்புகிற நொடியில் அதைப் போல அஞ்சாறு மடங்கு கேட்கும். 600 வாட் பெட்டி அங்கே கையைத் தூக்குவது பழுது இல்லை, தற்காப்பு. "லைட் எரியுது, கிரைண்டர் சுத்த மாட்டேங்குது, பெட்டி போச்சு" என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மீட்டர் வைக்கிற கடைகளும் சில உண்டு. அங்கேயும் ஒரு கூத்து. விலை மலிவான இன்வெர்ட்டர்கள் நம் வீட்டுக் கரண்ட் மாதிரி வளைந்து ஏறி இறங்கும் அலையைத் தருவதில்லை. படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தரும். சாதாரண மல்டிமீட்டர் வளைந்த அலைக்கு என்று கணக்கு வைத்துச் செய்தது. அதைப் படிக்கட்டு அலையில் வைத்தால், 230 சரியாக வருகிற பெட்டியிலேயே 180 என்று காட்டும். "பாருங்க, 180தான் வருது, அவுட்புட் வீக்" என்று நல்ல பெட்டியைக் கழித்துவிடுவார்கள். ட்ரூ ஆர்எம்எஸ் என்று போட்ட மீட்டராக இருந்தால்தான் அந்த அலையில் உண்மை பேசும். அது இல்லாவிட்டால் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டி, வீட்டில் எரிகிற வெளிச்சம் வருகிறதா என்று கண்ணால் பார்ப்பது மேல்.

பெட்டியே கெடுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் உள்ளே இருக்கிற பியூஸ் போகும், சில நேரம் மாஸ்ஃபெட்டும் சேர்ந்து போகும். ரெகுலேட்டர் கெட்டு ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளினால் பெட்டி நின்றுகொள்ளும். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில்லுக்குப் போகிற வண்டிகளில் பெட்டியின் ஃபேன் வாயில் தேங்காய் மஞ்சித் தூசி கம்பளி மாதிரி அடைத்துக் கிடக்கும். கோழிப் பண்ணை வண்டி என்றால் இறகுத் தூசி. திருப்பூர் வண்டியில் பஞ்சு. மூச்சு முட்டிச் சூடாகி நிற்கிற பெட்டிக்குத் தேவை ஒரு பெயிண்ட் பிரஷ். சீட்டுக்கு அடியில், கோணிச் சாக்குக்குக் கீழே பெட்டியை வைத்துவிட்டு "சூடாகுதுங்க" என்றால் அது என்ன பண்ணும்?

ஆனால் கெட்டது பெட்டியா, வழியா என்று பிரித்துப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். பெட்டியை வண்டியில் இருந்து கழற்றி, கடையில் இருக்கிற நல்ல பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் தடித்த ஒயரில் கொடுத்து, பல்பு போடுங்கள். எரிந்தால் பெட்டி நல்லது, வண்டியைப் பாருங்கள். எரியாவிட்டால் பெட்டியைத் திறங்கள். இது விஞ்ஞானிக்கு மட்டும் தெரிந்த ரகசியமா? பேட்டரியும் ஒயரும் பல்பும் அந்தக் கடையிலேயேதான் கிடக்கின்றன. செய்ய மாட்டேன் என்கிறார்கள். செய்தால் பெட்டி விற்காது.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகமாவது இது கோயமுத்தூர் என்பதால். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா தண்ணீரில் இருந்து கரண்ட் வந்து, மில்லும் பம்ப்செட்டுமாக எழுந்த ஊர் இது. 1937-ல் ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு கூட்டில் மின்மோட்டார் செய்து காட்டிய பீளமேடு இங்கேதான் இருக்கிறது. எங்க அப்பா காலத்தில் மோட்டார் நின்றால் ரீவைண்டிங் கடைக்காரர் முதலில் டெஸ்ட் லாம்ப் வைப்பார். காயில் போச்சா, ஸ்டார்ட்டரா, லைனில் ஒரு பேஸ் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் போல்ட்டில் ஸ்பானர் போடுவார். லைன் கோளாறாக இருந்தால் "மோட்டார் நல்லாருக்குதுங்க, ஈபி-காரங்களக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு டீக்காசோடு போய்விடுவார். அந்த நாணயத்தில்தான் அவருக்கு அடுத்த தோட்டத்து வேலையும் வந்தது. அவர் பேரன் வயதில் இருக்கிற பையன்கள் இன்றைக்குச் செல்போன் மாதிரி வண்டியைப் பார்க்கிறார்கள். கழற்று, வேற போடு.

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் கட் என்றபோது எங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் போனது. அப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது ஆத்தாமார்களுக்கே அத்துப்படி ஆனது. அந்தப் பழக்கத்தில்தான் இன்வெர்ட்டர் என்றால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் வந்தது. வீட்டில் பேட்டரிக்கு மேலேயே பெட்டி உட்கார்ந்திருக்கும். ஒயர் இரண்டடி, அதுவும் கம்பெனி கொடுத்த தடி ஒயர். யாரும் ஒயரைப் பற்றி யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. வண்டியில் அதே இரண்டடி நாலு மீட்டர் ஆகிறது, குலுங்குகிறது, நனைகிறது. வீட்டு அனுபவத்தை அப்படியே வண்டியில் ஏற்றினால் அண்ணனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பட்டணத்தில் இருக்கிற என் பங்காளி ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்குப் போய் மத்தியானம் பூரா வேலையாப்பா? ஆன்லைன்ல ஆயிரத்தி ஐநூறுக்குக் கிடைக்குது, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு." உங்களில் பலருக்கும் அப்படித்தான் தோன்றும். யோசித்துப் பாருங்கள். ஒயரில் இருக்கிற கோளாறு பெட்டியோடு குப்பைக்குப் போகாது. அடுத்த பெட்டிக்காகக் காத்துக்கொண்டு வண்டியிலேயே இருக்கும். இரண்டாவது, ஆயிரத்தி ஐநூறு என்பது உங்களுக்கு ஒரு சினிமா ராத்திரி. இங்கே அது கத்தரித் தோட்டத்தில் இரண்டு மூன்று ஆள் கூலி.

"கிராமத்துல ஓவர் லோடு போடுவாங்க, தாறுமாறா யூஸ் பண்ணுவாங்க" என்று இன்னொரு பேச்சு. வாரண்டி கேட்டுப் போனாலும் இதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அண்ணன் போட்டது 600 வாட் பெட்டியில் 200 வாட். தாறுமாறு யாருடையது?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கு என்று ஒரு குழு போட்டது. செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் இவற்றோடு விவசாயக் கருவிகளையும் சேர்த்தார்கள். அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாய எந்திரங்களுக்கு என்றே சட்டம் போட்டது. டிராக்டரின் கம்ப்யூட்டரைத் திறக்க அங்கே விவசாயி கம்பெனியோடு மல்லுக்கட்டுகிறான். நல்ல விஷயம், வரட்டும். ஆனால் நம் ஊரில் ஒயரைப் பார்க்க எந்தக் கம்பெனியும் தடுக்கவில்லை. பூட்டு இல்லாத கதவு இது. திறக்கத்தான் ஆள் இல்லை.

பணம் போனால் போகட்டும் என்று விடலாம். நெருப்பு அப்படி இல்லை. அண்ணன் வண்டியில் அந்த 1.5 ஸ்கொயர் ஒயர் பேட்டரியில் இருந்து கிளம்பி, சேஸிஸ் தகட்டின் கூரான விளிம்பில் உரசி, டீசல் டேங்க்கை ஒட்டிப் பின்னால் போயிருந்தது. வழியில் எங்கும் பியூஸ் இல்லை. ஒரு நாள் குலுக்கலில் தோல் உரிந்து சேஸிஸில் பட்டிருந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயரில் கொட்டும். இன்வெர்ட்டரில் இருக்கிற பியூஸ் இதைத் தடுக்காது. கரண்ட் அதுவரைக்கும் போகவே போகாதே. அதனால்தான் பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் வைக்க வேண்டும் என்பது. ஒயர் தாங்குகிற அளவுக்கு உள்பட்ட பியூஸ். ரோட்டோரம் வண்டி எரிந்தால் மறுநாள் பேப்பரில் "மின்கசிவு காரணமாக" என்று இரண்டு வார்த்தை வரும். எங்கே கசிந்தது, யார் கசிய விட்டது என்று மூன்றாவது வார்த்தை வருவதே இல்லை.

இன்னொன்று. வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. வீட்டில் இருக்கிற எர்த்தும் ட்ரிப் ஆகிற ஸ்விட்சும் அங்கே கிடையாது. வெளியே வருவதோ அதே 230. ஈரக் கையோடு காய் கழுவிக்கொண்டே பிளக்கைப் பிடுங்குகிற பழக்கம் வேண்டாம்.

சரி, 200 வாட்டுக்கு இத்தனை பாடு எதுக்கு என்று அன்றைக்கு அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் பேட்டரி 65 ஏஎச். 20 ஆம்பியர் வீதம் இழுத்தால் மூன்று மணி நேரம் வரும் என்று காகிதத்தில் வரும். வண்டியைக் கிளப்புவதற்கு என்று செய்த பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு போய்விடும், காலையில் வண்டியும் கிளம்பாது. அப்படியென்றால் ஒன்றரை மணி நேரம்தான். சந்தையோ மூன்று மணி நேரம். பார்த்தால் எரிவது எல்இடி. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடி லைட்டுக்குள் இருக்கிற சின்ன போர்டு கீழே இறக்கி, எரிய விடுகிறோம். தராசுக்குள் இருப்பது 6 வோல்ட் பேட்டரி, வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தால் சந்தை முடியும் வரை தாங்கும். அந்த ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 12 வோல்ட் என்று ஒரு ஓட்டை சும்மாவே இருந்தது. பெட்டியை விற்றவர் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. 12 வோல்ட்டில் நேராக எரிகிற எல்இடி நாலு வாங்கி மாட்டினோம். இழுப்பது 7 ஆம்பியருக்குள் அடங்கிவிட்டது, எஞ்சின் நிற்கிறது, லைட் எரிகிறது. இன்வெர்ட்டர் இப்போது பையன் லேப்டாப்புக்கு மட்டும்.

அண்ணன் விடவில்லை. சந்தை போகிற வழியில் அந்தக் கடையில் வண்டியை நிறுத்தி, ஏன் தம்பி தடி ஒயர் போடல என்று கேட்டிருக்கிறார். கடைக்காரப் பையன் மழுப்பவில்லை. "ஒயருக்குத் தனியா ரெண்டாயிரம்னு சொன்னா ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கறாங்கண்ணா. பக்கத்துக் கடைல ஃப்ரீயா மாட்டித் தர்றாங்கன்னு போயிர்றாங்க. 1000 வாட் பெட்டின்னா மட்டும் பேரம் பேசாம வாங்கிக்கறாங்க." அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். டப்பாவுக்குக் கொடுக்கிற காசு கண்ணுக்குத் தெரிகிறது, ஒயருக்குக் கொடுக்கிற காசு பாடிக்கு அடியில் போய் மறைந்துகொள்கிறது. ஆனால் ஒயரை மிச்சம் பிடித்த அதே கை, பின்னாடி பேட்டரியையும் பெட்டியையும் விற்றதே, அதுக்கு என்ன சொல்லுவார்? விற்கும்போதே "இந்த ஒயர் இல்லாம மாட்ட மாட்டேனுங்க, வேணும்னா பக்கத்துக் கடைக்குப் போய்க்குங்க" என்று சொல்லுகிற ஒரு கடை இருந்தால் நான் பல்லடத்தில் இருந்தும் ஆள் அனுப்பத் தயார்.

அடுத்த தடவை கடைக்குப் போனால் வாட்டைக் கேட்காதீர்கள். எத்தனை ஸ்கொயர் ஒயர், எவ்வளவு நீளம், பியூஸ் எங்கே வைப்பீர்கள், மைனஸை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். புது கார்களில் பேட்டரி மைனஸில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அந்த வண்டியில் மைனஸை எங்கே கொடுக்க வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பாரா என்றும் கேளுங்கள்.

பழுது என்று கழித்துக் கொடுத்த அந்த முதல் 600 வாட் பெட்டியை அண்ணன் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தார். என் டிராக்டர் பேட்டரியில் ஒரு முழ ஒயரில் கொடுத்துப் பார்த்தேன். மிக்சி போட்டு ஆட்டுக்கல் சட்னி மாதிரியே அரைத்தது, ஒரு தடவை கூடக் கத்தவில்லை. அவர் கொடுத்த பழைய பேட்டரியைத்தான் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொண்டார்கள். அது இப்போது எந்த வண்டியில் புதுசாக ஓடிக்கொண்டிருக்கிறதோ.